பின்வேலிக்குக் காவல் வைக்கவில்லை

நன்றாகப் பேசுகிறவரை முதலில் சந்தேகப்படுங்கள். திக்கித் திணறுகிறவரால் எதையும் ஒளிக்க முடியாது. அவர் பயம், அவர் ஊர், அன்றைக்கு அவர் பசியாறினாரா இல்லையா என்பது வரைக்கும் குரலோடு வந்துவிடும். தடங்கல் இல்லாமல் பேசுகிறவர் அந்தப் பேச்சை எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறார். எங்கிருந்து என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்கு வேஷம் கொடுக்காதீர்கள்.

இதைச் சொல்ல இந்தக் கிழவிக்கு என்ன தகுதி என்று இப்போது நம் குழுவை நடத்துகிற உங்களில் ஒருவருக்காவது தோன்றும். தோன்றட்டும். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது கொஞ்ச நாள்தான். பெயர் எழுதுவேன், கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் தம்பி மருமகள்தான் எழுதுகிறாள். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லித்தான் அடுத்ததற்குப் போகிறேன். அவள் தன் சொல்லை நடுவில் நுழைத்துவிடக் கூடாது பாருங்கள். ஆனால் மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் நாடகக் குழுவில் ஒருவர் மேடை ஏற வேண்டுமென்றால், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நான் ஓய்ந்து வீட்டில் உட்காரும் வரை, என் காதைத் தாண்டித்தான் ஏறினார். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

நீங்கள் இப்போது ஆடிஷன் என்கிறீர்கள். நாங்கள் குரல் பார்ப்பது என்போம். மைக் கிடையாது. அத்தாப்பு ஓலை வேய்ந்த பலகைக் கொட்டகை. ஒரு கோடியில் மேடை, மறு கோடியில் சாலையைப் பார்த்த வாசல். வாசலோரத்துக் கடைசி பெஞ்சில் என்னை உட்கார வைப்பார்கள். வெளியே மாட்டுவண்டி போகும், ரிக்‌ஷாக்காரர் மணி அடிப்பார், மீன் விற்கிறவர் கூவுவார். அத்தனைக்கும் மேலே மேடையில் பேசுகிற வார்த்தை என்னிடம் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் மடியில் வைத்திருக்கும் காலிப் பால் டின்னில் கத்தரிக்கோலால் ஒரு தட்டு. மூன்று தட்டு விழுந்தால் வந்தவர் இறங்கிப் போகலாம்.

கத்தரிக்கோல் எப்படி வந்தது என்றால், நான் குழுவுக்கு உடுப்புத் தைக்கிறவள். என் அப்பா அங்கே ஆர்மோனியம் வாசித்தார். அதனால் அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருப்பதை யாரும் கேள்வி கேட்கவில்லை. அப்பா போன பிறகு கேட்க நினைத்தார்கள். அதற்குள் டின் என் கைக்கு வந்துவிட்டது.

ஏமாற்ற வருகிறவர்கள் அப்போதும் உண்டு. ஒருவர் தன் மச்சான்கள் நாலு பேரைக் கூட்டிவந்து எனக்கு முன்பெஞ்சில் உட்கார வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கைதட்டல். தட்டுகிற சத்தத்தில் அவர் குரல் எட்டவில்லை என்பது தெரியாமல் போகும் என்ற கணக்கு. நான் மச்சான்களை எழுந்து மேடைக்குப் பின்னால் போய் நின்று தட்டச் சொன்னேன். அப்புறம் அவர் பேசினார். நான் டின்னைத் தட்ட வேண்டிய தேவையே வரவில்லை, அவரே இறங்கிவிட்டார். இதெல்லாம் சின்னக் களவு. நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் வாத்தியார் நாடகத்தைத் தானே கட்டுவார். பாட்டு, வசனம், அழுகை எல்லாம் அவருடையது. காகிதத்தை யார் கையிலும் கொடுக்க மாட்டார். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் பயம். அவரவர் வசனத்தை அவர் வாயால் சொல்லிக் கொடுப்பார், இவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அப்படிக் காத்தும் ஒரு பொங்கலுக்கு ஒரு காரியம் நடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு குழு இருந்தது. நாங்கள் பொங்கலுக்குப் போடவிருந்த கதையை அவர்கள் ஒரு வாரம் முந்திக்கொண்டு போட்டுவிட்டார்கள். ராஜா பெயர் மட்டும் வேறு. மற்றபடி ராணி அழுகிற இடத்தில் அழுதாள், பாட்டு வருகிற இடத்தில் பாட்டு வந்தது. எங்கள் ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் பொங்கலுக்கு எங்கள் மேடை இருட்டாகக் கிடந்தது.

உள்ளே இருக்கிற ஒருவர்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். யார் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் கோவிந்தன் பக்கமே போயிற்று.

கோவிந்தன் எங்கள் ராணி. அந்தக் காலத்தில் பெண் வேஷத்தை ஆண்கள்தான் கட்டுவார்கள், ஸ்திரீபார்ட் என்போம். டவுனில் ராவுத்தர் துணிக்கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை. ராவுத்தர்தான் எங்கள் குழுவுக்குத் தலைவர், உடுப்புக்கெல்லாம் துணி அவர் கடையிலிருந்துதான் வரும். கோவிந்தன் எல்லாரிடமும் பேசுவார். கடைக்கு வருகிற அக்கரைக்காரர்களிடமும் பேசுவார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் மேல் பழி சீக்கிரம் ஒட்டும், கவனித்திருக்கிறீர்களா? எனக்கும் அவர் மேல் ஒரு கண் இருந்தது. எனக்கு எல்லார் மேலும் ஒரு கண் உண்டு, வாத்தியார் உட்பட.

மறு வருஷம் புதுக் கதை. வாத்தியார் ஒத்திகை தொடங்குவதற்கு முன் தட்டில் கற்பூரம் ஏற்றினார். கதையை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவரும் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினோம். கோவிந்தனும் அணைத்தார். ராவுத்தர் மட்டும், எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை, என் வார்த்தையே போதும் என்று ஒதுங்கி நின்றார். சத்தியம் முடிந்ததும் அவர் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. இனி யார் மூலமாகக் கதை வெளியே போனாலும் அவருக்குக் கொட்டகையிலும் இடமில்லை, மலாக்காவில் எந்தத் துணிக்கடையிலும் வேலையில்லை. பெயரைச் சொல்லவில்லை. துணிக்கடையில் வேலை பார்த்தவர் எங்களில் ஒருவர்தான்.

காவலும் போட்டார்கள். ஒத்திகை நேரத்தில் சாலை வாசலில் ஒருவர், பக்கச் சந்தில் ஒருவர். பின்பக்கம் மூங்கில் வேலி, அதற்கு அப்பால் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பு. அங்கே யாரும் நிற்கவில்லை. மலாக்கா செட்டிமாரை உங்களுக்குத் தெரியும். நெற்றியில் திருநீறு, நம் சாமி, நம் பெயர், வாயில் மலாய். நமக்கெல்லாம் முன்னே இந்த ஊருக்கு வந்தவர்கள். வசனம் காதில் விழுந்தால்கூட அவர்களுக்கு என்ன புரியும் என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டார்கள்.

கதை இதுதான். ஒரு ராஜா கடலில் கப்பல் உடைந்து, பல வருஷம் கழித்துக் கந்தல் துணியோடு தன் அரண்மனை வாசலுக்கு வந்து நிற்கிறார். காவல்காரன் உள்ளே விட மாட்டேன் என்கிறான். ராணி மாடத்திலிருந்து குரலைக் கேட்டு அடையாளம் கண்டுகொள்கிறாள். ராஜாவாக நடித்தவர் முனிசிபல் ஆள், சாக்கடைக்குக் கொசு எண்ணெய் அடிக்கிற வேலை. நல்ல குரல், ஆனால் இளைப்பு நோய்க்காரர். வாசலில் நின்று பேசுகிற பெரிய வசனத்தில் ஓரிடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். ‘என் வீட்டுக்குள் நுழைய’ என்று நிறுத்தி, தொண்டையை ஒரு செருமல் செருமி, பிறகுதான் மிச்சம் வரும். ஒத்திகைக்கு ஒத்திகை அதே இடம், அதே செருமல். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கு அதுவும் வசனம் மாதிரி ஆகிவிட்டது.

பொங்கல் நெருங்கும்போது அவர் இளைப்பு முற்றிப் படுத்துவிட்டார். செங் என்கிற ஊருக்கு, தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ராஜா இல்லை. ஆகவே குரல் பார்ப்பதென்று சொல்லி அனுப்பினோம்.

குரல் பார்க்கும் முறை இப்படி. வாத்தியார் ஏதாவது பழைய நாடகத்திலிருந்து ஒரு வரி சொல்வார், வந்தவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் வந்தவருக்கு இரண்டாவது வரியிலேயே மூன்று தட்டு விழுந்தது. அடுத்தவர் குரல் எட்டியது, ஆனால் ராஜா மாதிரி இல்லை, ஏலம் போடுகிற மாதிரி இருந்தது. மூன்றாவதாகச் சாரோங் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர் மேடை ஏறினார். பின்வேலிக்கு அந்தப் பக்கத்து நடராசா. ரோத்தான் என்று இங்கே சொல்கிற பிரம்பில் நாற்காலி பின்னுகிறவர். செட்டிக்கு நாடக ஆசையா என்று முன்பெஞ்சில் சிரித்தார்கள். வாத்தியார் மரியாதைக்காக அவரை நிற்க விட்டு, சொல்லுங்க பார்க்கலாம் என்றார். முதல் வரியைச் சொல்லிக் கொடுக்க வாய் எடுக்கிறார், அதற்குள் நடராசா தொடங்கிவிட்டார்.

“இந்த வாசலுக்கு மரம் அறுக்கச் சொன்னவன் நான். இந்தப் பூட்டுக்குச் சாவி வடிக்கச் சொன்னவன் நான். என் வீட்டுக்குள் நுழைய... காவலா, நான் யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்?”

முழு வசனம். அதற்குப் பின்னாலும் நிற்காமல் போயிற்று. ஒரு எழுத்து பிசகவில்லை. குரல் கொட்டகைப் பலகையில் மோதிச் சாலைக்குப் போயிற்று. டின் என் மடியில் சும்மா கிடந்தது. அவர் முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. பொங்கல் வரை யாருக்கும் தெரியக் கூடாத வசனம், தமிழ் தெரியாத ஒருவர் வாயிலிருந்து வருகிறது. வாத்தியார் முகம் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது.

ராவுத்தர் எழுந்தார். யார் கற்றுக்கொடுத்தது என்று நடராசாவிடம் மலாயில் கேட்டார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கேட்டேன், அவ்வளவுதான் என்றார் அவர். யாரிடம் கேட்டாய் என்றார் ராவுத்தர். நடராசா சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி மேடையோரத்தைக் காட்டினார். அங்கே கோவிந்தன் நின்றார்.

“கோவிந்தா, கற்பூரத்த அணைச்சியா இல்லியா?”

“அணைச்சேன் மொதலாளி. இந்தக் கையாலதான்.”

“ஒன் வீடு எங்க இருக்கு?”

“செட்டிக் கம்பத்துக்குப் பக்கத்துல.”

“காலைல பசியாறறது எங்க?”

“இவங்க அம்மாகிட்டதான் பலகாரம் வாங்குவேன். எல்லாருந்தான் வாங்குறாங்க மொதலாளி, நீங்களே வாங்கியிருக்கீங்க.”

“நான் வாங்குனேன், வசனத்த வித்துட்டு வரல.”

முன்பெஞ்சில் ஒருவர், போன வருசமும் இவருதான், நாமதான் மொகத்துக்காகச் சும்மா இருந்தோம் என்றார். இன்னொருவர், பொம்பள வேசம் கட்டுனா நாக்கும் அப்படித்தான் என்று ஒரு குத்து விட்டார். கோவிந்தன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராவுத்தர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்குக் கடைக்கு வர வேண்டாம் என்ற சொல் ராவுத்தர் வாய்க்கு வந்துவிட்டது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கோவிந்தனுக்கு மலாக்காவில் வேறு வேலை கிடைக்காது. பொய்ச் சத்தியம் பண்ணியவர் என்ற பெயரும் சேர்ந்துவிட்டால் சாமிக்கு முன்னால்கூட நிற்க விட மாட்டார்கள்.

இப்போது நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்கிறேன், நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நடராசா ‘என் வீட்டுக்குள் நுழைய’ என்று நிறுத்தினார் இல்லையா? அங்கே ஒரு செருமல் செருமினார். புது மேடை, தொண்டை வறண்டிருக்கும் என்று முன்பெஞ்சுக்காரர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அது தெரிந்த செருமல். கோவிந்தன் சொல்லிக் கொடுத்திருந்தால் அது எப்படி வரும்? கோவிந்தனுக்கு இளைப்பு கிடையாது. ஆகவே என் சந்தேகம் கோவிந்தனை விட்டுச் செங்கில் படுத்திருக்கிற ராஜாவிடம் தாவியது. நோய் என்று சொல்லிப் படுத்துக்கொண்டு கதையை விற்கிறாரோ? அப்புறம் அதையும் சந்தேகப்பட்டேன். அக்கரைக் குழுவிடம் விற்கிற ஆள், தமிழ் தெரியாதவருக்கு எதற்குக் கற்றுக்கொடுக்கிறார்? இதில் லாபம் யாருக்கு?

லாபம் யாருக்கு என்று தெரியாதபோது வாயைத் திறந்து பேசினால் தப்பு. சோதித்துப் பார்க்க வேண்டும். நான் டின்னைத் தட்டினேன்.

பழக்கம் பாருங்கள், அத்தனை கோபத்திலும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“என்னம்மா லெச்சுமி?” என்றார் வாத்தியார்.

“அய்யா, ராணி வசனத்தக் கேளுங்க.”

“கோவிந்தன் சொல்லணுமா?”

“அவரு வேணாம். இவரு சொல்லட்டும்.”

ராவுத்தருக்கு எரிச்சல். இங்க வெளையாட்டா நடக்குது என்றார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன், மொதலாளி, ஒரு ஆளோட சோத்துல கை வைக்கப் போறீங்க, ஒரு வசனம் கேட்டுட்டு வைங்க என்று. அவர் உட்கார்ந்தார். என்னிடம் அப்படிப் பேச்சு வாங்கி அவருக்கு வழக்கமில்லை.

நான் நடராசாவிடம் மலாயில் கேட்டேன். மாடத்தில் நிற்கிற பெண் பேசுவாளே, அது தெரியுமா என்று. அவருக்குச் சந்தோஷம். தெரியும் தெரியும் என்று தலையாட்டிவிட்டு, குரலை மெல்லிசாக்கி, கோவிந்தன் எப்படி இழுப்பாரோ அப்படியே இழுத்துத் தொடங்கினார்.

“அந்தக் குரலை நான் அறிவேன், தோழி. கடலுக்குப் போன குரல் அது. கழுத்தக் கொக்கு மாதிரி நீட்டாதடா, தடிமாடு. ஓடிப் போய்க் கதவைத் திறக்கச் சொல்.”

கொக்கும் தடிமாடும் அதே ராணியின் குரலில், அதே உருக்கத்தோடு வந்தன. கண்ணில் தண்ணீர்கூட நின்றது அவருக்கு.

 முதலில் சிரித்தவர் கோவிந்தன்தான். வாயைப் பொத்திக்கொண்டு, மேடைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கொக்குப் பேச்சு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடத்தில் கோவிந்தன் கழுத்தை நீட்டுவார், வாத்தியார் அதையே சொல்லித் திட்டுவார்.

“அது என் வசனம்,” என்றார் வாத்தியார் மெதுவாக.

நான் ராவுத்தருக்கு விளக்கினேன். கோவிந்தன் சொல்லிக் கொடுத்திருந்தால் தன்னைத் திட்டினதையும் சேர்த்தா சொல்லிக் கொடுப்பார்? படுத்திருக்கிற ராஜாவுக்கு ராணி வசனம் ஒரு வரி தெரியாது, அது குழுவுக்கே தெரியும். இது ஒருவர் சொல்லிக் கொடுத்தது இல்லை. வெளியே உட்கார்ந்து, வந்ததையெல்லாம் அப்படியே வாங்கிக்கொண்டது. எது கதை, எது திட்டு என்று பிரிக்க அவருக்குத் தமிழ் தெரியாது. செருமலையும் அதனால்தான் வாங்கிக்கொண்டார். கேட்டேன் என்று சொன்னது உண்மை. கை காட்டினதும் உண்மை. கோவிந்தன் குரலைத்தான் கேட்டார்.

ராவுத்தர் கோவிந்தனைப் பார்த்து, எந்திரி என்றார். நாளைக்குக் கடையை நீயே திற என்று சாவியைக் கொடுத்தார். வருத்தம் என்ற வார்த்தை அவர் வாயில் வராது. கோவிந்தன் சாவியை வாங்கிக்கொண்டு ஒன்று சொன்னார்.

“போன வருசத்துக் கணக்கு அப்படியேதான் இருக்கு மொதலாளி. அது யாருன்னு தெரியற வரைக்கும் நான்தானே?”

  நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

நடராசாவுக்கு வேஷம் கொடுப்பதா என்பது அடுத்த பேச்சு. பொருள் தெரியாதவரை மேடையில் விட்டால் கிளி பேசுகிற மாதிரி இருக்கும் என்றார் வாத்தியார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நடராசா என்னிடம் வந்து, “அந்த ஆள் என்ன சொல்கிறான்?” என்று மலாயில் கேட்டார். வாத்தியாரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். கதையில் வரும் ராஜாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த வசனத்தின் பொருளை அன்றைக்குத்தான் கேட்கிறார். நான் சொன்னேன். சொந்த வீட்டு வாசலில் நிற்கிறான், நீ யார் என்று கேட்கிறார்கள், உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள்.  அவர் மறுபடி மேடை ஏறி நின்று அதே வசனத்தைச் சொன்னார். இந்தத் தடவை செருமல் வரவில்லை. ‘காவலா, நான்’ என்ற இடத்தில் நின்றார். அங்கே யாரும் நின்றதே இல்லை. நின்று, எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்’ என்றார். வாத்தியார் உள்ளே போய் ராஜாவின் கந்தல் உடுப்பை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார், அளவு பார்த்துத் திருத்தச் சொல்லி.

இத்தோடு விட்டிருப்பார்கள் மற்றவர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. இவ்வளவு நன்றாகக் கேட்கும் என்றால் நானே கேட்டுப் பார்க்க வேண்டாமா? மறுநாள் காலையில் கோவிந்தனைக் கொட்டகைக்குள் நின்று ராணி வசனம் பேசச் சொல்லிவிட்டு, வேலியைச் சுற்றி நடராசா வீட்டுப் பின்புறத்துக்குப் போனேன். அவர் பின்னுகிற இடத்தில் மணைப்பலகையில் உட்கார்ந்தேன். கொட்டகைப் பலகை சுருங்கி, விரல் போகிற அளவு சந்துகள். கோவிந்தன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கடைசி பெஞ்சில் எனக்குக் கேட்பதைவிட அங்கே தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் மேலே பார்த்தேன். கூரை மரத்தில் ஒரு நாற்காலி தொங்கியது. உட்காருகிற பிரம்பு பாதி புதுசு, பாதி பழசு. பாதியில் விட்ட வேலை. மற்ற நாற்காலியெல்லாம் வருகிறது, போகிறது, இது மட்டும் ஏன் தூசி பிடித்துத் தொங்குகிறது? யாருடையது என்று நடராசாவிடம் கேட்டேன்.

முந்தின பொங்கலுக்கு முன்னால் அக்கரையிலிருந்து ஒருவர் கொண்டுவந்தாராம். நல்ல மனிதர், வேலை நடப்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பாராம். தினமும் சாயங்காலம் வருவாராம். அவசரமே இல்லை என்பாராம். திடீரென்று ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டார், நாற்காலியைக் கேட்கவும் இல்லை. நடராசா அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவருக்கு ஏதோ கஷ்டமாக இருக்கும் என்றார்.

நாற்காலியை இறக்கச் சொன்னேன். பழைய பிரம்பின் நுனிகளைத் தடவிப் பார்த்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து அறுகிற பிரம்பு நார் நாராகப் பிரியும், துணி நைந்து போகிற மாதிரி. இவை மொட்டையாக நின்றன. கத்தி வைத்து அறுத்தவை. நான் வெட்டையும் கிழிசலையும் பார்த்தே வயிறு வளர்த்தவள், என்னிடம் அது செல்லாது. நல்ல நாற்காலியைத் தானே அறுத்து எடுத்துக்கொண்டு வந்து, மெதுவாகப் பின்னு என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். அங்கிருந்தே எங்கள் ஒத்திகை முழுவதையும் கேட்டு எடுத்துப் போயிருக்கிறார், அதற்குப் பிறகு நாங்கள் போட்ட காவலும் சாலையையும் சந்தையும்தான் பார்த்தது.

அந்த ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டேன். நடராசா உருவத்தைச் சொல்லவில்லை. குரலைச் சொன்னார். உதட்டைக் கொஞ்சம் கோணி, மூக்கில் பொடி ஏறிய ஒரு குரலில், “பெலான்-பெலான், அண்ணே, பெலான்-பெலான்” என்றார். மெதுவாக, மெதுவாக என்று.

வேலிக்கு அந்தப் பக்கம் ராணி வசனம் நின்றுபோயிற்று. பலகைச் சந்து வழியாகக் கோவிந்தன் குரல் வந்தது.

“லெச்சுமி, அக்கரைப் பாட்டு வாத்தியாரு அங்க என்ன பண்றாரு?”

நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பாட்டு வாத்தியார் எதிர்க்குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர், கோவிந்தனிடம் துணி வாங்குகிறவர், பொடி போடுகிறவர். நான் ராவுத்தரையும் அழைத்துவந்து அந்தக் குரலைக் கேட்க வைத்தேன். சந்தேகத்தை ஒரு காதோடு முடிக்கக் கூடாது. ராவுத்தர் கேட்டார், நாற்காலியைத் தடவிப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா என்று வாத்தியார் கேட்டதற்கு, நாடகத்துக்கு லைசென்ஸ் கேட்டு அங்கதான போகணும், இதுக்கு வேற போவானேன் என்றார். நடராசாவிடம் நாற்காலியை நல்லதாகப் பின்னி முடிக்கச் சொன்னார்.  அன்றிலிருந்து கோவிந்தனைக் கோவிந்தா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பொங்கல் நாடகத்துக்கு எதிர்க்குழுவை அழைத்து முன்வரிசையில் உட்கார வைப்பது அந்தக் காலத்து மரியாதை. அக்கரைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பெஞ்சு. நடுவில் ஒரே ஒரு நாற்காலி, புதுப் பிரம்பு பளபளவென்று. திரை விலகுவதற்கு முன் கோவிந்தன் ராணி வேஷத்தோடு, நான் தைத்த சிவப்புப் பட்டில், மேடையை விட்டு இறங்கி வந்தார். பாட்டு வாத்தியார் முன்னால் நின்று கும்பிட்டார்.

“உக்காருங்க அண்ணே. ஒங்க நாற்காலிதான். பின்னி முடிஞ்சிருச்சு.”

பாட்டு வாத்தியார் நாற்காலியைப் பார்த்தார். பக்கத்தில் அவர் குழுக்காரர்கள், என்ன யோசனை, உக்காருங்க என்றார்கள். அவர் உட்காரவில்லை. இடுப்பு வலி என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு தூணோரம் போய் நின்றார். போன வருசமும் இவருதான் என்று அன்றைக்குப் பேசியவர்கள் அவரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் கோவிந்தனைப் பார்த்தார்கள். ராஜா வாசலுக்கு வந்தார், காவலன் தடுத்தான், ராணி குரலை அடையாளம் கண்டுகொண்டாள். கழுத்து நீளவில்லை. எல்லாம் நடந்து முடியும் வரை பாட்டு வாத்தியார் நின்றுகொண்டேதான் இருந்தார்.

அதற்குப் பிறகும் அந்த நாற்காலியை யாரும் கேட்டு வரவில்லை. உங்கள் ஒத்திகை அறையில் உடுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறதே, அதுதான். அதில் உட்கார்ந்தே குரல் பாருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. உட்காருவதற்கு முன் பின்பக்கச் சன்னலைத் திறந்து, வெளியே யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிடுங்கள். நல்ல குரலுள்ளவராக இருந்தால் உள்ளே கூப்பிடுங்கள்.